ரைஸா, ரெய்ஸா? ஒரு தமிழம்மா சொல்லும் வழி

பெட்ரோல் விலை உயர்ந்தது. பெட்ரோல் விலையை உயர்த்தினார்கள். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லும் தமிழ் ஆளை நான் பார்த்ததே இல்லை. பால்வாடிக் குழந்தைகூட ‘பந்து உருண்டுச்சு’ என்றுதான் சொல்லும், ‘பந்து உருட்டுச்சு’ என்று சொல்லாது. அதே குழந்தை வளர்ந்து, பட்டம் வாங்கி, ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து மெயில் அடிக்கும்போது, ‘தி ப்ரைஸ் ஹாஸ் ரிஸன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தி ப்ரைஸ் ஹாஸ் ரெய்ஸ்டு’ என்று எழுதிவிடுகிறது.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு நான் தமிழம்மா. இப்போது சாயங்காலத்தில் வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன், அப்போதும் அந்தப் பெயர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையன்கள், மெடிக்கல் பில்லிங் பெண்கள், ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் வருகிறார்கள். தமிழ் டீச்சர் இங்கிலீஷ் எடுக்கலாமா என்று யாராவது இழுத்தால், ரைஸ் (உயர்), ரெய்ஸ் (உயர்த்து) இரண்டையும்தான் எடுத்துக் காட்டுவேன். இலக்கணப் புத்தகம் இவற்றை ‘இன்ட்ரான்ஸிடிவ்’, ‘ட்ரான்ஸிடிவ்’ என்று சொல்லிப் பயமுறுத்தும். நமக்கு இது தன்வினையும் பிறவினையும். பாடம் மறந்துபோயிருக்கலாம், நாக்கு மறக்கவில்லை.

(இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது என்பது தெரியும். ‘சாப்பிடு’ தன்வினைதான், ஆனாலும் சோற்றைச் சாப்பிடலாம். நாம் பார்க்கப்போகும் சொற்களில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும். அதனால் எளிதான பெயரை வைத்துக்கொள்கிறேன்.)

‘எதை’ என்று கேளுங்கள்

ரைஸ் என்றால் உயர், எழு, ஏறு. ரெய்ஸ் என்றால் உயர்த்து, எழுப்பு, ஏற்று. முதலாவது தானாக நடப்பது. இரண்டாவதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் கைவைக்க ஒரு பொருளும் வேண்டும்.

வாக்கியத்தை எழுதுவதற்கு முன்னால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அப்புறம் ‘எதை?’ என்று கேளுங்கள். விடை இருந்தால் ரெய்ஸ், இல்லாவிட்டால் ரைஸ். சூரியன் எழுந்தது: எதை? விடை இல்லை, ஆகவே ரைஸ். கையை உயர்த்து: எதை? கையை, ஆகவே ரெய்ஸ். ‘ஐ’ உருபு ஒட்டிக்கொண்டால் ரெய்ஸ் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

சென்னைக்காரருக்கு இதை விளக்கச் செம்பரம்பாக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏரியின் முழு ஆழம் 24 அடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால், காலையில் பேப்பரைப் பிரித்ததும் ஊரே தேடுவது இன்றைக்கு எத்தனை அடி என்பதைத்தான். நீர்மட்டம் உயர்கிறது. ஒரு கட்டத்தில் ஷட்டரை உயர்த்துகிறார்கள். உபரி நீர் அடையாற்றுக்கு வருகிறது. அடையாற்றின் மட்டம் உயர்கிறது. இதை இங்கிலீஷில் சொல்லுங்கள் பார்ப்போம்: ‘தி வாட்டர் லெவல் ரோஸ். தே ரெய்ஸ்டு தி ஷட்டர்ஸ். தி அடையார் ரோஸ்.’ நடுவில் இருக்கும் ஒன்றுக்குத்தான் ஆள் தேவை. அந்த ஒன்றுக்கு மட்டும்தான் ரெய்ஸ்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஊர் கேட்ட கேள்வியும் அந்த நடுவாக்கியத்தைப் பற்றித்தான். ஷட்டரை எப்போது உயர்த்தினார்கள், யார் சொல்லி உயர்த்தினார்கள், ஏன் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவில்லை? 2018ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே எழுதியது. ரைஸ் என்று எழுதினால் மழையோடு கதை முடிந்துவிடும். ரெய்ஸ் என்று எழுதினால் ஓர் எழுவாயைத் தேடவேண்டி வரும். அறிக்கை எழுதும் அதிகாரிகளுக்கு ரைஸ் மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

‘எதை’ ஏமாற்றும் இரண்டு இடங்கள்

முதல் இடம் எண். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலின் விலை, மாதக் கார்டு இல்லாதவர்களுக்கு, லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. ‘தி ப்ரைஸ் ரோஸ் ட்வெல்வ் ருபீஸ்’ என்று எழுதினால், வகுப்பில் யாராவது ஒருவர் கை தூக்குவார்: “ரோஸுக்குப் பின்னாடி பன்னிரண்டு ரூபாய் வருதே தமிழம்மா, அது எதைக்கு விடை இல்லையா?” இல்லை. அது ‘எவ்வளவு?’ என்ற கேள்விக்கு விடை. தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘விலை பன்னிரண்டு ரூபாய் உயர்ந்தது’ என்போம், ‘பன்னிரண்டு ரூபாயை உயர்ந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலீஷில் சந்தேகம் வராமல் இருக்க நடுவில் ஒரு ‘பை’ போட்டுக்கொள்ளுங்கள்: ‘ரோஸ் பை ட்வெல்வ் ருபீஸ்’. ஆவினை எழுவாயாக வைத்தால் ‘ஆவின் ரெய்ஸ்டு தி ப்ரைஸ் பை ட்வெல்வ் ருபீஸ்’. விலை ஏறியதில் மாற்றமில்லை, யார் ஏற்றியது என்பது மட்டும் வெளியே வருகிறது.

இரண்டாவது இடம் செயப்பாட்டுவினை. ‘தி ஷட்டர்ஸ் வேர் ரெய்ஸ்டு.’ இங்கே ரெய்ஸ்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ‘எதை’ என்று கேட்டால் வெறும் காற்று. அப்படியானால் ரோஸ்தானே வரவேண்டும் என்று தோன்றும். வராது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஷட்டர்கள் உயர்த்தப்பட்டன. ‘உயர்த்த’ என்று வந்துவிட்டதால் இது ரெய்ஸ் வீட்டுப் பிள்ளை. பொருள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொரு லாபமும் உண்டு. ‘உயரப்பட்டது’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதா? கிடையாது. ‘எதை’ என்ற கேள்விக்கு விடை தராத வினைக்குச் செயப்பாட்டுவினை அமையாது. அதேபோல இங்கிலீஷிலும் ‘வாஸ் ரோஸ்’ கிடையாது, ‘தி ப்ரைஸ் வாஸ் ரிஸன்’ கிடையாது. ‘ஹாஸ் ரிஸன்’ உண்டு, ‘வாஸ் ரெய்ஸ்டு’ உண்டு. இவற்றைக் கலப்படம் செய்வதுதான் நான் திருத்தும் நோட்டுகளில் பெரும்பாலும் சிவப்பு மை படும் இடம்.

வடிவங்களை மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. ரைஸ், ரோஸ், ரிஸன். ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு. தானாக நடப்பது உள்ளேயே உயிரெழுத்தை மாற்றிக்கொள்கிறது, ஆள் வைத்துச் செய்வது ‘டு’ சேர்த்துக்கொள்கிறது.

தப்பு எங்கிருந்து வருகிறது

தமிழில் இவ்வளவு தெளிவாக இருப்பவர்கள் இங்கிலீஷில் ஏன் தடுமாறவேண்டும்? என் கணிப்பு இது. நாம் பேசுவது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. இங்கிலீஷ் சொல்லோடு ‘பண்ணு’, ‘ஆகு’ இரண்டையும் ஒட்டிப் பேசுகிறோம். ஓப்பன் பண்ணு, ஓப்பன் ஆச்சு. கேன்சல் பண்ணு, கேன்சல் ஆச்சு. தன்வினை, பிறவினை வேலை முழுவதையும் அந்தப் பண்ணும் ஆகுமே செய்துவிடுகின்றன. இங்கிலீஷ் சொல் சும்மா மரக்கட்டை மாதிரி நிற்கிறது.

ஆபீஸில் ஒரு புகாரைப் பதிவு செய்ததும் ‘டிக்கெட் ரெய்ஸ் பண்ணிட்டேன்’ என்பார்கள். சரி. அடுத்து ‘டிக்கெட் ரெய்ஸ் ஆயிடுச்சு’ என்பார்கள். தமிழாக அதுவும் சரி, ‘ஆயிடுச்சு’ இருக்கிறதே. ஆனால் மெயிலில் பண்ணுவும் ஆகுவும் வராது. அவற்றை உரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ‘ரெய்ஸ்’. அதனால் ‘எ டிக்கெட் ஹாஸ் ரெய்ஸ்டு’ என்று எழுதுகிறார்கள். டிக்கெட் எதை உயர்த்தியது?

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரெய்ஸ் பண்ணு’ என்று வாயில் வந்தால் இங்கிலீஷில் ரெய்ஸ். ‘ரெய்ஸ் ஆச்சு’ என்று வந்தால் அப்படியே எழுதாதீர்கள், ஒரு நொடி நில்லுங்கள். யாரோ ஒருவர் பண்ணித்தான் ஆகியிருக்கிறது என்றால் ‘ஹாஸ் பீன் ரெய்ஸ்டு’. டிக்கெட், இன்வாய்ஸ், பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் இந்த வகை, தானாக முளைக்காது. யாரும் பண்ணாமல் தானாக நடந்தது என்றால் ரைஸ் வேண்டும். சர்வரின் டெம்பரேச்சர் ஏறினால் ‘ஹாஸ் ரிஸன்’.

பிரச்சினை, சந்தேகம், கேள்வி இவற்றுக்குத் தனி வழி இருக்கிறது. தமிழில் ‘கேள்வி எழுந்தது’ என்கிறோம். இதை ‘எ க்வெஸ்டியன் ரோஸ்’ என்று எழுதினால் இங்கிலீஷ்காரருக்கு உறுத்தும். கேள்வி எழுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘அரைஸ்’: அரைஸ், அரோஸ், அரிஸன். ‘எ க்வெஸ்டியன் அரோஸ்’, ‘ஆன் இஷ்யூ ஹாஸ் அரிஸன்’. விலையும் தண்ணீரும் வெயிலும் ரைஸ். சந்தேகமும் சிக்கலும் அரைஸ்.

எழுப்பு என்று வந்தால்

இங்கே நமக்கு ஒரு சொத்து இருக்கிறது. கேள்வி எழுப்பு, குரல் எழுப்பு, சந்தேகம் எழுப்பு, ஆட்சேபம் எழுப்பு. எல்லாமே இங்கிலீஷில் ரெய்ஸ்தான். ரெய்ஸ் எ க்வெஸ்டியன், ரெய்ஸ் யுவர் வாய்ஸ், ரெய்ஸ் எ டவுட், ரெய்ஸ் ஆன் அப்ஜெக்‌ஷன். சுவர் எழுப்புவதற்குக்கூட ஏட்டு இங்கிலீஷில் ரெய்ஸ் உண்டு, பேச்சில் ‘பில்ட்’ போதும். இவ்வளவு சுலபமாக இரண்டு மொழியும் ஒத்துப்போகும் இடம் அபூர்வம், அனுபவித்துக்கொள்ளுங்கள்.

விலக்கு ஒன்று. ‘அஞ்சு மணிக்கு என்னை எழுப்பு’ என்பதற்கு ரெய்ஸ் போடக்கூடாது. ‘வேக் மீ அப் அட் ஃபைவ்’. ‘ரெய்ஸ் மீ’ என்றால் கல்லறையிலிருந்து எழுப்பச் சொல்வது போலத் தொனிக்கும். நீங்களே எழுந்திருப்பதற்கும் அன்றாடப் பேச்சில் ‘கெட் அப்’. ‘ஐ ரைஸ் அட் ஃபைவ்’ தப்பில்லை, ஆனால் சுயசரிதை வாடை அடிக்கும்.

மேடையில் பேசுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டு, பாடும்போது எழுந்து நிற்கவேண்டும் என்று அரசாணை வந்ததிலிருந்து, விழாத் தொகுப்பாளர்கள் இங்கிலீஷிலும் அறிவிக்கிறார்கள். ‘ப்ளீஸ் ரைஸ் ஃபார் தமிழ்த்தாய் வாழ்த்து’ என்பது சரி. ‘ப்ளீஸ் ரெய்ஸ்’ என்று மைக்கில் சொன்னால் எதை உயர்த்துவது என்று சபை முழிக்க நியாயம் உண்டு. சந்தேகமாக இருந்தால் ‘ப்ளீஸ் ஸ்டாண்ட்’ சொல்லிவிட்டுப் போங்கள்.

கொடிக்கும் இதே கணக்கு. 1974 முதல் சுதந்திர தினத்தில் கோட்டையில் முதலமைச்சர் கொடி ஏற்றுகிறார், அதற்கு முன் ஆளுநர் ஏற்றிக்கொண்டிருந்தார். முதலமைச்சர் கொடியை ஏற்றினார், ரெய்ஸ்டு. கொடி மேலே ஏறியது, ரோஸ். நம் ஊர்ப் பத்திரிகைகள் ‘ஹாயிஸ்டட்’ என்று போடும், அதுவும் பிறவினைதான்.

‘நான் பொறந்து வளர்ந்தது பெரம்பூர்’ என்பதற்கு ‘பார்ன் அண்ட் ரெய்ஸ்டு இன் பெரம்பூர்’ என்று எழுதலாம். அது ‘வளர்க்கப்பட்டேன்’ என்ற பொருளில் வருகிறது. தானாக வளர்ந்த பெருமை வேண்டுமென்றால் ‘க்ரூ அப்’.

ஒலிப்பு

எழுத்தில் பிரித்துவிடலாம், வாயில்தான் சிக்கல். தமிழில் ரைஸ் என்று எழுதினால் லெமன் ரைஸும் அதுதான், விலை ஏறுவதும் அதுதான். இங்கிலீஷில் இரண்டும் வேறு. சோறு ரைஸில் கடைசி ஒலி ‘ஸ்’, காற்று மட்டும் சீறும். உயர்வு ரைஸில் கடைசி ஒலி, ராத்திரி காதோரம் கொசு சுற்றும்போது கேட்கிறதே, அது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லுங்கள். சோற்றுக்குக் கடைசியில் அதிர்வு இருக்காது. உயர்வுக்கு இருக்கவேண்டும். ரெய்ஸும் அப்படியே. கொசுவை விட்டுவிட்டால் அது ஓட்டப் பந்தய ‘ரேஸ்’ ஆகிவிடும். ‘ப்ரைஸ் ரைஸ்’ என்று சேர்த்துச் சொல்வது நல்ல பயிற்சி: முதல் சொல்லின் முடிவில் சீறல், இரண்டாவதின் முடிவில் அதிர்வு. நம் வாயில் எதுகை மாதிரி விழும் இந்த ஜோடி, உண்மையில் எதுகையே இல்லை.

மெக்கானிக் கடையில் ‘ரெய்ஸ் குடு’ என்பார்கள், ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதற்கு. அதைக் கொண்டுபோய் வெள்ளைக்காரரிடம் ‘ரெய்ஸ் தி பைக்’ என்றால் வண்டியைத் தூக்கச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். அவர்கள் சொல் ‘ரெவ்’.

சம்பளமும் மைதாவும்

பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் ரைஸ்தான்: எ ரைஸ் இன் ப்ரைஸஸ், எ ரைஸ் இன் டெம்பரேச்சர். சம்பள உயர்வில் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டிஷ்காரர் ‘பே ரைஸ்’ என்பார், அமெரிக்கர் ‘ரெய்ஸ்’ என்பார். சென்னை ஆபீஸில் ‘ஹைக்’ என்கிறோம், அதனால் தப்பித்தோம். க்ளையன்ட் எந்த ஊர் என்று பார்த்து எழுதுங்கள்.

பேக்கிங் பவுடர் கலந்து வரும் மாவிலும் இதே சண்டை. பிரிட்டனில் அது ‘ஸெல்ஃப் ரெய்ஸிங் ஃப்ளவர்’, அமெரிக்காவில் ‘ஸெல்ஃப் ரைஸிங் ஃப்ளவர்’. தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் மாவு என்கிறார் ஒருவர், தானே உயரும் மாவு என்கிறார் இன்னொருவர். கேக் ஒன்றுதான். இட்லி மாவு பொங்குவதற்கு ‘தி பேட்டர் ஹாஸ் ரிஸன்’ போதும்.

எப்படி இரண்டு சொல் வந்தது

இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் கண் விரியும். ரைஸ் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதன் பிறவினையாக அங்கே இருந்தது இன்றைய ‘ரியர்’, குழந்தை வளர்ப்பு, கோழி வளர்ப்புக்கு வருகிறதே, அந்தச் சொல். ரெய்ஸ் வடக்கேயிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ரியரும் ரெய்ஸும் ஒரே மூலச் சொல்லின் இரண்டு கிளைகள், ஒன்று உள்ளூரில் வளர்ந்தது, இன்னொன்று கடல் தாண்டி வந்தது. இரண்டுமே ‘ரைஸ் ஆகச் செய்’ என்று பொருள்படப் பிறந்தவை.

அந்தக் காலத்தில் அந்த மொழிக் குடும்பத்துக்கு நம்மைப் போலவே வினைக்குள்ளேயே ஒலியை மாற்றிப் பிறவினை செய்யும் வழக்கம் இருந்தது. ஸிட், உட்கார். ஸெட், உட்காரவை. ஃபால், விழு. ஃபெல், வீழ்த்து (மரம் வெட்டிச் சாய்ப்பதற்கு இன்னும் இந்தச் சொல்தான்). ட்ரிங்க், குடி. ட்ரென்ச், முதலில் குடிக்கவைப்பது, இப்போது தொப்பலாக நனைப்பது. காலப்போக்கில் அந்த வழக்கம் தேய்ந்து, இன்று விரல் விட்டு எண்ணும்படி சில ஜோடிகளே மிச்சம். மற்ற வினைகளில் ‘ரோல்’ என்றால் உருள், உருட்டு இரண்டும்தான், ‘மூவ்’ என்றால் நகர், நகர்த்து இரண்டும்தான். நாமோ திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு, ஓடு, ஓட்டு, நிரம்பு, நிரப்பு என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசுகிறோம். இந்த விஷயத்தில் இங்கிலீஷ்காரரைவிட நமக்குக் காது கூர்மை.

எண் சம்பந்தப்பட்ட இடத்தில் அவசரத்துக்கு ஒரு குறுக்குச் சந்தும் உண்டு: ‘இன்க்ரீஸ்’. இது ரோல் மாதிரி இரண்டு பக்கமும் போகும். ப்ரைஸஸ் இன்க்ரீஸ்டு, தே இன்க்ரீஸ்டு ப்ரைஸஸ், இரண்டும் சரி. பரீட்சையில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று வந்தால் இது உதவாது.

அண்டை வீட்டு ஜோடி: லை, லே

ரைஸ், ரெய்ஸ் கைவந்துவிட்டால் இதையும் முடித்துவிடுங்கள். லை என்றால் கிட, படு. லே என்றால் கிடத்து, வை, போடு. ‘எதை’ சோதனை அப்படியே செல்லும். கோழி முட்டை இடுவது லே, டைல்ஸ் பதிப்பது லே, கேபிள் புதைப்பது லே, அடிக்கல் நாட்டுவது லே.

குழப்பம் இறந்தகாலத்தில். லை, லே, லெய்ன். லே, லெய்டு, லெய்டு. பார்த்தீர்களா, படு என்பதன் இறந்தகாலமும் கிடத்து என்பதன் நிகழ்காலமும் ஒரே ‘லே’. இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே இங்கே சறுக்குகிறார்கள், ‘ஐம் லேயிங் டவுன்’ என்று பேச்சில் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லலாம். நாம் எழுதினால் மதிப்பெண் போகும்.

நான் வகுப்பில் வைத்திருக்கும் வாக்கியம் ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் ராத்திரியில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ‘தி டர்ட்டில் லே ஆன் தி ஸாண்ட் அண்ட் லெய்டு இட்ஸ் எக்ஸ்.’ ஆமை மணலில் கிடந்தது, லே. முட்டையை இட்டது, லெய்டு. இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அட்டவணை தேவைப்படாது. பொய் சொல்வதற்கும் லை உண்டு, ஆனால் அது சமர்த்து: லை, லைடு, லைடு. ‘ஹி லைடு டு மீ’ என்றால் பொய், ‘ஹி லே ஆன் தி பெட்’ என்றால் படுக்கை.

செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் இவற்றை இங்கிலீஷில் எழுதுங்கள். சிலிண்டர் விலை மறுபடி உயர்ந்திருக்கிறது. வாடகையை உயர்த்தப்போவதாக ஹவுஸ் ஓனர் சொல்கிறார். மீட்டிங்கில் ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தை எழுப்பியது நான்தான். நாய் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறது.

விடைகள்: ஹாஸ் ரிஸன். ரெய்ஸ் தி ரென்ட். அரோஸ். ரெய்ஸ்டு. இஸ் லையிங். கடைசியில் ‘லேயிங்’ போட்டவர்கள் நாய் எதை இட்டது என்று யோசிக்கவும்.

சரியாக வந்ததா? அப்படியானால் கொஞ்சம் நீளமான ஒன்று. எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். தெருவின் மட்டம் உயர்ந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வந்ததால் வாசற்படியை உயர்த்தினோம். மறுபடி ரோடு போட்டிருக்கிறார்கள். இப்போது வீடு தெருவுக்குக் கீழே கிடக்கிறது.

தே லெய்டு. தி லெவல் ரோஸ். வீ ரெய்ஸ்டு. தே ஹாவ் லெய்டு. தி ஹவுஸ் நவ் லைஸ். ஐந்தும் சரியாக வந்துவிட்டால், மேலே ‘சார்’ போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, அப்படியே மனுவாகக் கொடுத்துவிடலாம். தெருவில் இருப்பவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.